எக்ஸ்ரேயில் விழுந்த இரண்டு வளையல்

எலும்புக் கட்டி அறுவையில் புதிதாகக் கால் வைத்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களுக்கு நான் என்ன சொல்லித் தருவது என்று உண்மையிலேயே தெரியவில்லை. உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் கருவிகளில் பாதிக்குப் பேர்கூட எனக்குத் தெரியாது. கட்டியை வெட்டி எடுப்பதை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதனால் நான் வெட்டாமல் விட்ட ஒரு கையைப் பற்றி எழுதுகிறேன். வெட்டுவதற்கு நாள் குறித்து, நேரம் குறித்து, படிவத்தில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்த கை அது.

என்னிடம் ஒரு பழைய எக்ஸ்ரே படம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற இளம் டாக்டர்களிடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பது என் வழக்கம். எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டை ஒட்டி ஊதிப்போய், உள்ளே அரித்து, ஓடு மட்டும் மெல்லிசாக நிற்கிறது என்பார்கள். கெட்டிக்காரர்கள் ஓட்டில் இருக்கும் ஒரு விரிசலையும் காட்டுவார்கள். ஊதின இடத்துக்கு மேலே எலும்புக்குக் குறுக்காக மங்கலாய் இரண்டு வளையம் தெரிகிறதே, அதை மட்டும் யாரும் சொன்னதில்லை. கேட்டால், “அது கண்ணாடி வளையல் சார், கழற்றாமலே படம் எடுத்திருக்கிறார்கள்” என்பார்கள். நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் படம் எடுத்தவரைத் திட்டவும் செய்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஒருவனே சர்ஜன். குடலும் நான்தான், எலும்பும் நான்தான். வயது முப்பத்து மூன்று. சென்னையில் எலும்பு வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த திமிர் உடம்பு முழுக்க இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும் என்று நானே வெளியில் சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் அதை நம்பி வியந்தும் போனார்கள். அதில்தான் நான் கெட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில், வெளிநோயாளிகள் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று நின்றது. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கங்காணி. சொந்த ஊரான திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, அவர்களுக்குப் பொறுப்பாக நின்று, வேலை வாங்குகிறவர். முந்தின வருடம் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்க வந்த இடத்தில் வண்டி கவிழ்ந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. நான்தான் சரிசெய்து நடக்க வைத்தேன். அதிலிருந்து உலகத்தில் என்னை விட்டால் எலும்பு டாக்டரே கிடையாது என்பது அவருடைய முடிவு. மலையிலிருந்து போடிக்கு இறங்கி மதுரைக்குப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி, மீனாட்சிபுரம் என்று லாரியும் பஸ்ஸும் மாறி மாறி, இரண்டு நாள் அலைந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்.

“அய்யா, இது எங்க அக்கா மவ. பேச்சியம்மான்னு பேரு. வலது கையில ஒரு வீக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து தடவிப் பாத்தாக, கேக்கல. அய்யா கையில ஒப்படைச்சிட்டா எனக்குக் கவல இல்ல.”

“எத்தனை நாளாக இருக்கிறது?”

“ரெண்டு மாசம் இருக்குங்கய்யா.”

“அதற்கு முன்னால்?”

“ஒண்ணும் கெடையாது. நல்லா கொழுந்து எடுத்த புள்ள. ஒரு நாள் லீவு போட்டதில்ல.”

பேச்சியம்மாளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். மாமன் பேசும்போது தலையைக் குனிந்து முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாத்துக்குடி அளவு வீக்கம். தொட்டால் சூடு. வலி முகத்தில் தெரிந்தது. கையைப் பிடித்துத் திருப்பியபடியே நான் கங்காணியிடம் கேட்டேன், கங்காணி பதில் சொன்னார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, விழுந்தாளா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. எல்லாவற்றுக்கும் அவரிடம் தயங்காமல் பதில் இருந்தது. நான் எழுதிக்கொண்டேன். இப்படி விவரமாகப் பதில் சொல்கிற ஆள் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுகூட நினைத்தேன்.

இந்த இடத்தில் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில், அந்த வயதில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நிஜமான புற்று. வேகமாக வளரும், நெஞ்சுக்குப் பரவும், ஆளைக் கொண்டுபோய்விடும். அதற்கு அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி முழங்கைக்கு மேலே கையை எடுப்பது. இன்னொன்று ஆஸ்டியோகிளாஸ்டோமா என்று அப்போது நாங்கள் சொன்ன கட்டி. எலும்பை அரிக்கும், ஆனால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், வருடக் கணக்கில் மெதுவாக வளரும். அந்த எலும்புத் துண்டை மட்டும் எடுத்துவிட்டால் கை மிஞ்சும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எத்தனை நாளாக இருக்கிறது என்ற அந்த ஒரு கேள்விக்கு அவ்வளவு கனம்.

இரண்டு மாதம் என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதத்தில் சாத்துக்குடி அளவு வளர்ந்தது என்றால் அது புற்றுதான். என் ஒரு நிமிடத்தில் முடிவு வந்துவிட்டது.

அப்படியும் சதையில் கொஞ்சம் எடுத்து, ஃபார்மலின் புட்டியில் போட்டு, சென்னையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் நிபுணருக்கு அனுப்பினேன். அதற்காகக் கையைக் கீறப் போனபோது இரண்டு பச்சை வளையல்கள் வீக்கத்துக்கு மேலே, முன்கையில் கிடந்தன. அவற்றை இன்னும் மேலே தள்ளித் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உயிரணுக்களைப் பார்த்தால் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தாங்கள் எழுதியபடி இரண்டே மாதத்தில் வேகமாக வளர்ந்திருப்பதால் புற்று என்றே கருத வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

கவனித்தீர்களா? நான் அனுப்பிய வரியைத்தான் அவர் எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு, மைக்ராஸ்கோப்பும் என் பக்கம்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டேன்.

கங்காணியைக் கூப்பிட்டு, கையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெண் பிழைக்க மாட்டாள் என்றேன். மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “உசுரு இருந்தாப் போதும்யா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க, நான் போடுதேன்” என்றார். தோட்டத்தில் அவருடைய ஆட்களுக்காக எல்லாக் காகிதத்திலும் அவர்தான் போடுவார். படிவத்தில் அவரே போட்டார், நானும் வாங்கிக்கொண்டேன். வார்டுக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னவரும் அவர்தான். நான் போகவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதி இன்னொரு காரணம். வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கை கழுவிக்கொண்டிருந்தபோது வார்டு ஆயா வேலாத்தாள் வந்து நின்றாள். மீனாட்சிபுரத்துக்காரி. எருமைப் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரையும் எருமையையும் ஒரே குரலில்தான் அதட்டுவாள். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

“ஏனுங்க டாக்டரு, ஒரு வார்த்த. அந்த மலைக்காட்டுப் புள்ள கை போறதப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்க. வளையலத்தான் கேக்குது. ஒடைக்காம கழட்டிக் குடுங்கன்னு என்ற காலப் புடிக்குதுங்க.”

“எந்த வளையல்?”

“கட்டுக்குள்ளார ரெண்டு பச்ச வளையல் கெடக்குதுங்களே, அது. கையோட சேந்து அதும் குப்பைக்குப் போயிருமோன்னு பயம். கட்டுனவன் உசுரோட இருக்கறப்ப வளையல ஒடைக்கலாமுங்களா? நீங்களே சொல்லுங்க.”

“சோப்புப் போட்டுக் கழற்று.”

“போட்டுப் பாத்தாச்சுங்க. எறங்கவே மாட்டேங்குது. கடவீதி ராவுத்தரக் கூட்டியாரட்டுங்களா? அவரு கைக்கு வராத வளையலே கெடையாதுங்க.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. கை போகப் போகிறது, இதில் வளையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பெண்ணின் கையை எடுக்கப் போகிறவன், அவள் கேட்ட ஒரே பொருளையும் மறுக்க எப்படி முடியும்? சரி, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகச் சொல் என்றேன்.

ராவுத்தர் மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டு வந்தார். கடைவீதியில் மூன்று தலைமுறையாக வளையல் கடை வைத்திருக்கிற குடும்பம். வெள்ளைத் தாடி, தோளில் ஒரு துணிப்பை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பேச்சியம்மாளைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையை எடுத்துத் தன் மடியில் விரித்த துணிமேல் வைத்துக்கொண்டார். நான் வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்த ஊரும்மா?”

“சின்னக்கானலு.”

“அம்மாடி, அவ்வளவு தூரமா! குளிர்ல வளையல் போட்டா கை சில்லுனு இருக்குமே. பிள்ளை உண்டா?”

“ஒரு பையன்.”

“யாரு பாத்துக்குறாங்க?”

“அவுக அப்பா பாத்துக்கிடுதாக. பேக்டரி வேல. ரெண்டு பேரும் என்னத்தச் சாப்பிடுதாகளோ.”

நான்கு வாரமாக என் வார்டில் கிடந்த பெண்ணின் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நல்ல தெளிவான குரல். ராவுத்தர் கட்டை அவிழ்த்தார். சோப்பைக் குழைத்துத் தடவினார். இரண்டு விரலால் வளையலைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். வீக்கத்தின் விளிம்பில் வந்து நின்றது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார், பட்டுத்துணியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“டாக்டர் சார், இதை நானில்லை, எங்க அத்தா எழுந்து வந்தாலும் கழட்ட முடியாது. இது வீக்கத்துக்கு முன்னாடி ஏறின வளையல். வீக்கத்தைத் தாண்டி இனி இறங்காது.” அவளிடம் திரும்பினார். “ஏம்மா, இது எப்ப போட்டது?”

“வளைகாப்புக்குப் போட்டது. பையன் வயித்துல இருக்கையில.”

“பிள்ளை பிறந்ததும் கழட்டி மருத்துவச்சிக்குக் கொடுக்குறதாச்சே. இடது கையில வேற வளையல் போட்டிருக்கியே.”

“கழட்டுனாக. மத்ததெல்லாம் வந்திருச்சு. இந்த ரெண்டும் வரல. மணிக்கட்டுல தட்டுச்சு, வலிச்சுச்சு. சரி கெடக்கட்டும்னு விட்டாச்சு.”

அப்படியானால் பிள்ளை பிறந்தபோதே வீக்கம் இருந்திருக்கிறது.

பையனுக்கு இப்போது என்ன வயது? அதைக் கேட்க வாயைத் திறந்தேன். திறந்தவன் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று நினைக்கிறீர்கள்? வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கங்காணியின் பக்கம். பழக்கம் அப்படி ஊறியிருந்தது. பாதி திரும்பியவன் நின்று, உள்ளே போய், கட்டிலுக்கு முன்னால் ராவுத்தருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“பேச்சியம்மா, பையனுக்கு என்ன வயது?”

“ரெண்டர முடியப்போகுது, டாக்டரு.”

அவள் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிரசவத்தின்போதே மணிக்கட்டில் ஒரு சின்ன மேடு இருந்திருக்கிறது. மெதுவாக வளர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும்போது துணியைச் சுற்றிக்கொண்டு மறைத்திருக்கிறாள். காட்டினால் சீக்காளி என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். இரண்டு மாதம் முன்னால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிறைந்த கூடை கையில் இறங்கியிருக்கிறது. “மளுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அன்னையிலருந்துதான் ரொம்ப வீங்கிருச்சு” என்றாள். படத்தில் இருந்த விரிசல் அதுதான். புற்று தின்ற இடம் என்று நான் படித்த விரிசல்.

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“மாமா பேசையில நான் எப்படிக் குறுக்க பேச?”

வராந்தாவுக்குப் போனேன். கங்காணியிடம் சண்டை போடத்தான் போனேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றார், தலைப்பாகை கையில்.

“அய்யா, நான் பொய் சொல்லலய்யா. செக்ரோல்ல ரெண்டு மாசமாத்தான் அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கேன். அதுக்கு முந்தி ஒரு நாள் தவறாம மஸ்டர்ல வந்து நின்னாளே. சீக்கு இருந்தா எப்படிய்யா வேலைக்கி வருவா?”

என் கோபம் முழுக்க அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த மனிதர் தினமும் காலையில் மஸ்டர் என்று ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் குறிக்கிறவர். எண்ணும்போது வந்து நின்றவள் ஆரோக்கியம், வராதவள் சீக்காளி. அவருடைய தொழிலில் நோய் என்பது வேலைக்கு வராத நாளில்தான் ஆரம்பிக்கும். அவர் தமக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். அதை மருத்துவ உண்மையாக எழுதிக்கொண்டவன் நான். இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்து, நான்கு வாரம் என் வராந்தாவில் படுத்து, அக்காள் மகளுக்காகத் தவம் கிடந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அடுத்த பிரச்சினை உங்களுக்குப் புரியும். வியாழக்கிழமை என்ன செய்வது? இரண்டரை வருடம் என்றால் கை பிழைக்கலாம். ஆனால் மெதுவாக வளர்ந்த கட்டி கடைசியில் புற்றாக மாறுவதும் உண்டு. அப்படி மாறியிருந்தால் நான் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அவள் உயிரிலிருந்து போகும். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அதுவும் முழு உத்தரவாதம் கிடையாது. ஒரு வளையல்காரர் சொன்னதைக் கேட்டுப் புற்று நோயாளியைத் தியேட்டரிலிருந்து திருப்பினான் என்று நாளைக்கு ஊரே பேசும். ஆனால் இன்னொரு பக்கம் பார்த்தேன். எடுத்த கையைத் திரும்ப வைக்க முடியாது. அந்த ஒரு எண்ணம்தான் என்னை நிறுத்தியது. வியாழக்கிழமையை ரத்து செய்தேன்.

சென்னைக்குத் தந்தி அடித்தேன். நான் தந்த விவரம் தவறு, இரண்டரை வருடக் கட்டி, இடையில் எலும்பு முறிவு, தயவுசெய்து மறுபடி பாருங்கள். அடுத்த ஆறு நாளும் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. தினமும் இரண்டு வேளை போய் வீக்கத்தை நூலால் அளந்தேன். ஒரு நாள் கூடியதுபோல் தோன்றியது. வேலாத்தாள் பக்கத்தில் வந்து, “நூல இழுத்துப் புடிச்சு அளங்க டாக்டரு, தொளதொளன்னு புடிச்சா கூடத்தாஞ் செய்யும்” என்றாள். இழுத்துப் பிடித்து அளந்தேன். கூடவில்லை.

ஏழாம் நாள் கடிதம் வந்தது. புதிய விவரத்தோடு மறுபடி பார்த்ததாகவும், முறிவு ஆறுகிற இடத்து உயிரணுக்கள்தான் முதலில் தம்மைக் குழப்பியதாகவும், இது ஆஸ்டியோகிளாஸ்டோமாதான் என்றும், எலும்புத் துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், இனிமேல் படிவத்தை நோயாளியைக் கேட்டு நிரப்பும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அந்த வரியைப் படித்து நான் வெட்கப்பட்டதைப்போல் எந்தப் பரீட்சையில் தோற்றும் வெட்கப்பட்டதில்லை.

கெட்ட எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் மேல்முனையை எடுத்து வைக்க வேண்டும். பத்திரிகையில் படித்திருந்தேன், செய்ததில்லை. செய்ததில்லை என்பதையும் அவளிடமே சொன்னேன். எந்தக் காலிலிருந்து எடுக்கலாம் என்றும் அவளையே கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் மாற்றி மாற்றி அசைத்து யோசித்தாள்.

“கூடையோட மேட்டுல ஏறையில வலது காலத்தான் முன்ன வைப்பேன். இடது காலுல எடுத்துக்கிடுங்க” என்றாள்.

புதுப் படிவத்துக்கு மையை நீட்டினேன். கங்காணி வழக்கம்போல் பேனாவை எடுத்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். பேச்சியம்மாள் இடது கையை நீட்டாமல், வலி பிடித்த வலது கையை மெதுவாகத் தூக்கி, அந்தப் பெருவிரலால் ரேகை வைத்தாள். மை கொஞ்சம் இழுகியிருந்தது.

வளையலை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் எலும்பு அறுவைக்கு முன் மூன்று நாள் கையைக் கழுவி, ஸ்பிரிட் தடவி, கொதிக்க வைத்த துணியால் சுற்றி வைப்போம். வளையலையும் கையோடு சேர்த்துக் கழுவி, தேய்த்து, மேலே தள்ளிச் சுற்றிக் கட்டினோம். தியேட்டர் சிஸ்டர் என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கம்தான் நியாயம். அறுவை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை விட்டுவைப்பது மடத்தனம். நீங்கள் யாரும் செய்யாதீர்கள். நான் செய்தேன், அவ்வளவுதான் சொல்வேன். அந்தக் கையை நான் கிட்டத்தட்டக் குப்பையில் போட இருந்தேன். காப்பாற்றியது அந்த இரண்டு வளையல். அவற்றை உடைக்க எனக்குக் கை வரவில்லை.

நான்கு மணி நேரம் ஆயிற்று. கட்டியோடு எலும்புத் துண்டை எடுத்ததும் மணிக்கட்டு ஒடுங்கிப்போய்ப் பழைய அளவுக்கு வந்தது. சிஸ்டர் துணியைத் தளர்த்தி, இரண்டு வளையலையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, விரல்களைத் தாண்டி வெளியே எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டபோது கிணுங்கென்று சத்தம் வந்தது. முகமூடிக்குள் நான் அழுதேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் கண் விழித்ததும் முதலில் விரலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு வேலாத்தாள் உள்ளங்கையில் இருந்த வளையலைப் பார்த்தாள். போட்டுவிடட்டுமா என்று வேலாத்தாள் கேட்டதற்கு, “இது மருத்துவச்சிக்குச் சேர வேண்டியது. ரெண்டர வருசமாக் குடுக்க முடியல. ஊருக்குப் போயி மொதல்ல குடுக்கணும்” என்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் மாவுக்கட்டில் கிடந்து எலும்பு ஒட்டியது. அடுத்த வருடம் கங்காணி விடாப்பிடியாக அழைத்ததால் நான் சின்னக்கானலுக்குப் போனேன். காலை ஏழு மணி, பனி இன்னும் விலகவில்லை. மஸ்டர் எடுக்கிற இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். நடுவில் பேச்சியம்மாள். வலது கை நிறைய வளையல். நான் பக்கத்தில் போய், “கை எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“முதல் தரமா இருக்குங்கய்யா!” என்றார் கங்காணி, என் பின்னாலிருந்து. “முந்தியவிட ஜாஸ்தியாக் கொழுந்து எடுக்கா. ஒரு கொறையும் கெடையாது. அய்யா புண்ணியத்துல—”

“மாமா,” என்றாள் பேச்சியம்மாள், சிரித்துக்கொண்டே. “டாக்டரு என்னையத்தான் கேக்காக.”

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணி ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முழுசாகத் திருப்ப வரவில்லை, மழை நாளில் குடைகிறது, ரொம்ப நேரம் எடுத்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது, பையனைத் தூக்க முடிகிறது. நான் கேட்டு எழுதிக்கொண்டேன். கங்காணி செக்ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் முடிக்கும் வரை பக்கத்தில் நின்று கேட்டார்.